அம்மாவுக்கு ஒரு சுவர்

லாங்கியின் அம்மா மூன்று மாதமாகக் காரில் உட்கார்ந்து வேலை பார்த்துவந்தார். கார் எங்கேயும் போகாது. வீட்டு வாசலிலேயே நிற்கும்.

அம்மாவின் பெயர் ரூதா. தொலைபேசியில் மொழிபெயர்ப்பதுதான் அவர் வேலை. ஆக்லாந்தில் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில், சமோவா மொழி மட்டுமே தெரிந்த ஒருவர் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். உடனே அம்மாவுக்கு அழைப்பு வரும். டாக்டர் சொல்வதை அம்மா அவருக்குச் சொல்வார். அவர் சொல்வதை டாக்டருக்குச் சொல்வார்.

நோயாளி சொல்வது வேறு யார் காதிலும் விழக் கூடாது. ஆனால் அதே ஊரின் மாங்கரே பகுதியில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் யாராவது வந்து, "என் சாக்ஸ் எங்கே?" என்று கேட்டுவிடுவார்கள். அதனால்தான் கார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்து அம்மா எழுதுவார். வெயிலில் வேர்த்துக் கொட்டும். மழையில் கண்ணாடி முழுக்க ஆவி படியும்.

பத்து வயது லாங்கிக்கு இதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நாலு வயதுத் தம்பி செமிக்கு மட்டும் இது ரொம்பப் பிடித்திருந்தது. வாசற்படியில் லாரி ஓட்டி விளையாடுவான். நடுநடுவே நிமிர்ந்து பார்ப்பான். கார்க் கண்ணாடிக்குப் பின்னால் அம்மா இருப்பார். இரண்டு புருவத்தையும் தூக்கிக் காட்டுவார். இவனும் தூக்குவான். பிறகு லாரி கிளம்பும்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் அம்மாவின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இனி கதவு உள்ள தனி அறையில்தான் வேலை பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மேலாளர் வீடியோவில் அறையைப் பார்ப்பார். அறை இல்லையென்றால் வேலையும் இல்லை.

அப்பா தானியேலு கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அவர் பஸ் ஓட்டுநர். எதையும் நிதானமாகத்தான் செய்வார்.

"முன்னறை நீளமாத்தானே இருக்கு," என்றார் அம்மாவிடம். "ஜன்னல் பக்கமா குறுக்கே ஒரு சுவர் வச்சுட்டா போச்சு. உன் தம்பியக் கூப்பிடு."

சனிக்கிழமை காலை லெவி மாமா வேனில் வந்து இறங்கினார். அவர் வீடு கட்டும் தச்சர். வேனில் மரச்சட்டங்கள், ஜிப்சம் பலகைகள், சுவருக்குள் வைக்கும் பஞ்சு, ஒரு கதவு எல்லாம் இருந்தன.

"அக்கா, செங்கல் எல்லாம் வேண்டாம். மரச்சட்டம் நிறுத்தி, நடுவுல பஞ்சு வச்சு, ரெண்டு பக்கமும் பலகை அடிச்சா போதும். சத்தம் வெளிய வராது," என்றார் மாமா. "அத்தான், நீங்க உதவி பண்றேன்னு மட்டும் வந்துடாதீங்க. போன தடவ நீங்க அடிச்ச அலமாரி இன்னும் சாஞ்சுதான் நிக்குது."

"அது சாயல மச்சான். தரைதான் சாஞ்சிருக்கு," என்றார் அப்பா.

மாமா தரையில் நீலக்கோடு போட்டார். கீழே ஒரு சட்டம், மேலே ஒரு சட்டம், நடுவில் செங்குத்தாகச் சில சட்டங்கள். ஒரு மணி நேரத்தில் சுவரின் எலும்புக்கூடு எழுந்து நின்றது. லாங்கி சட்டங்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து போனாள். செமி புகவில்லை. சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

முதலில் மாமாவின் பென்சில் காணாமல் போனது. காதில் தேடினார், இல்லை. வேறு பென்சில் எடுத்தார். பிறகு அளக்கும் டேப் காணாமல் போனது. பிறகு ஒரு டப்பா திருகாணி. கடைசியில், சட்டம் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் ரசமட்டமே காணோம்.

"ஒரு முழம் நீளம். எப்படிக் காணாமப் போகும்?" என்றார் மாமா. "அத்தான், நீங்களா?"

"நான் ரெண்டு மணி நேரமா சேப்பங்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருக்கேன்," என்றார் அப்பா சமையலறையிலிருந்து.

ரசமட்டம் இல்லாமல் கதவுநிலையை வைக்க முடியாது. வேலை நின்றது. நாளை ஞாயிறு, காலையில் தேவாலயம், பிறகு வீடு நிறையச் சொந்தக்காரர்கள், சாப்பாடு. அன்று யாரும் சுத்தியலைத் தொட மாட்டார்கள். திங்கள் பகலில் மாமாவுக்கு வேறு வேலை, மீதி இருப்பது அன்று மாலை மட்டும்.  அம்மா கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தார். 

லாங்கி சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். செமி இல்லை.

படுக்கையறையில் இருந்தான். பட்டப்பகலில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். கண்ணை இறுக்கி மூடியிருந்தான். இமை மட்டும் துடித்தது.

"தூங்குறியா?"

"ஆமா," என்றான் செமி.

லாங்கி கட்டிலில் உட்கார்ந்தாள். மெத்தைக்கு அடியில் எதுவோ முட்டியது. கையை விட்டுப் பார்த்தாள். ரசமட்டம். தலையணை உறைக்குள் டேப், பென்சில். போர்வைக்குள் திருகாணி டப்பா கலகலத்தது.

செமி கண்ணைத் திறந்தான். "அப்பாகிட்ட சொல்லிடுவியா?"

"ஏன் எடுத்த? அதச் சொல்லு முதல்ல."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.  பிறகு சொன்னான். "காருல இருந்தா அம்மா தெரியும். சுவர் வந்தா தெரியாது."

 'அம்மா உள்ளேதானே இருப்பாங்க' என்று லாங்கி சொல்லலாம். ஆனால் உள்ளே இருப்பதும் கண்ணில் படுவதும் ஒன்றில்லை. நாலு வயதுப் பையனுக்கு அது நன்றாகவே தெரியும்.

"கொஞ்சம் இரு," என்று எழுந்தாள். "இத எல்லாம் நான் கொண்டு போறேன். ஆனா உன்னோட விஷயத்தையும் கேக்குறேன். சரியா?"

செமி இரண்டு புருவத்தையும் தூக்கினான். சமோவாக்காரர்கள் வீட்டில் அதற்கு 'சரி' என்று அர்த்தம்.

லாங்கி நேராக மாமாவிடம் போகவில்லை. அம்மா மேசையில் வைத்திருந்த கடிதத்தை எடுத்துப் பொறுமையாகப் படித்தாள். அறைக்குக் கதவு இருக்க வேண்டும். பேசுவது வெளியே கேட்கக் கூடாது. எழுதுவது பிறர் கண்ணில் படக் கூடாது. இன்னும் என்னென்னவோ இருந்தன. ஒரு வரிகூட விடாமல் தேடினாள். அவள் பயந்த வரி அதில் இல்லை.

பிறகுதான் சாமான்களைக் கொண்டுபோய் மாமா முன்னால் வைத்தாள்.

"எங்க இருந்துச்சு?" என்றார் மாமா.

"கிடைச்சுது மாமா. யாருன்னு கேக்காதீங்க. முதல்ல நான் சொல்றதக் கேளுங்க."

மாமா அவளைப் பார்த்தார். பிறகு படுக்கையறைக் கதவோரம் தெரிந்த ஒரு சின்னக் காலையும் பார்த்தார். "சரி, கேக்கல. சொல்லு."

"அம்மா பேசுறது கேக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. அம்மாவப் பாக்கக் கூடாதுன்னு போடல. சுவருல ஒரு கண்ணாடி வைக்க முடியுமா?"

அப்பா கத்தியும் கிழங்குமாக வந்து நின்றார். "கண்ணாடி வச்சா பேப்பர் தெரியுமே. அப்புறம் சுவர் எதுக்கு?"

"மேசைய அந்தப் பக்கம் ஜன்னலைப் பாத்துப் போட்டா, பேப்பர் அம்மாவுக்கு முன்னால இருக்கும். அம்மா முதுகு மறைச்சிடும். அம்மா திரும்பினா முகம் மட்டும்தான் தெரியும் அப்பா." லாங்கி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காட்டினாள். "அதோட செமிக்கு எழுத்தே தெரியாது."

"செமிக்குத் தெரியாது. உங்கப்பாவுக்குத் தெரியுமே," என்றார் மாமா.

அம்மா சட்டங்களுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். செமி பேர் வந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மெல்லப் படுக்கையறைக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. வெளியே வரும்போது செமி அம்மாவின் இடுப்பில் இருந்தான். நாலு வயதில் இடுப்பில் ஏறக் கூடாது என்று அவனுக்கே ஒரு சட்டம் உண்டு. அன்று அதை மறந்துவிட்டான்.

"வேன்ல ஒரு கண்ணாடி கிடக்கு," என்றார் மாமா. "ரெட்டைக் கண்ணாடி, சத்தம் போகாது. அளவு தப்பா வந்துச்சுன்னு ஒரு வீட்டுல வேண்டாம்னுட்டாங்க. மூணு மாசமா தூக்கிக்கிட்டுத் திரியுறேன். எவ்வளவு உயரத்துல வைக்கணும்?"

லாங்கி டேப்பை எடுத்தாள். செமியைச் சட்டத்தோடு சேர்த்து நிற்கவைத்தாள். தலை உச்சியை அளக்கவில்லை. தரையிலிருந்து கண்வரை அளந்தாள். "தொண்ணூத்தி ரெண்டு சென்டிமீட்டர்."

"நான் வளருவேன்," என்றான் செமி.

"அப்ப குனிஞ்சு பாரு," என்றார் மாமா.

அன்றே கதவுநிலை நின்றது. இரண்டு சட்டங்களுக்கு நடுவில் கண்ணாடி உட்கார்ந்தது. இந்த முறை செமிதான் மாமாவுக்குப் பென்சில் எடுத்துக் கொடுத்தான். மாமா கேட்காதபோதும் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை வந்த சொந்தக்காரர்கள் பாதிச் சுவருக்கு இரண்டு பக்கமும் தட்டோடு உட்கார்ந்து, சட்டங்களின் இடைவெளி வழியாக மாட்டிறைச்சியும் கிழங்கும் கைமாற்றிச் சாப்பிட்டார்கள். திங்கள் மாலை மாமா பஞ்சை அடைத்தார். பலகைகளை அடித்தார். இடுக்குகளில் பட்டி பூசினார். கதவை மாட்டினார்.

"இப்போ சோதனை," என்றாள் லாங்கி.

அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மளிகைச் சாமான் பட்டியலைச் சத்தமாகப் படித்தார். லாங்கி வெளியே தரையில் உட்கார்ந்து, காதில் விழுந்ததை எழுதினாள். கதவு திறந்ததும் நீட்டினாள். அதில், 'உப்பு, கொக்கோ, சவுக்காரம்' என்று இருந்தது.

மாமாவின் முகம் சுருங்கியது. "எங்கிருந்து கேக்குது?"

லாங்கி கதவுக்கு அடியில் கையை வைத்தாள். விரல் உள்ளே போனது. "இங்க மாமா."

மாமா வேனுக்குப் போய் ஒரு ரப்பர் பட்டை கொண்டுவந்து கதவின் அடியில் ஒட்டினார். அம்மா மறுபடியும் படித்தார். இம்முறை லாங்கியின் தாளில் ஒன்றுமே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் உதடுகள் மட்டும் அசைந்தன. செமி மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி, தானும் உதட்டை அசைத்தான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மேலாளர் மோனா வீடியோவில் வந்தார். அம்மா கணினியைத் தூக்கிக் கதவைக் காட்டினார். மேசையைக் காட்டினார். லாங்கி வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. சுவர் அவ்வளவு நன்றாக இருந்தது. அதுதான் தொல்லையாகவும் இருந்தது.

கதவு திறந்தது. "லாங்கி, இங்க வா," என்றார் அம்மா. "மேடம் கண்ணாடியப் பத்திக் கேக்குறாங்க. நீயே சொல்லு."

லாங்கி போய்த் திரைக்கு முன்னால் நின்றாள். 

"அது எதுக்கு?" என்று கேட்டார் மோனா. "யார் வேணும்னாலும் எட்டிப் பாக்கலாமே."

"பாத்தா அம்மா தலை மட்டும்தான் தெரியும் மேடம். பேப்பர் தெரியாது, பேசுறதும் கேக்காது. நான் எழுதிப் பாத்தேன்." அந்த வெற்றுத் தாளை எடுத்துக் காட்டினாள். "அம்மா தெரியலைன்னா தம்பி கதவைத் தட்டுவான். தட்டினா ஆஸ்பத்திரில இருக்கிறவங்களுக்குக் கேக்கும். அம்மா தெரிஞ்சா தட்ட மாட்டான்."

மோனா யோசித்தார். "கண்ணாடிப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க."

அம்மா கணினியைத் திருப்பினார். கண்ணாடியில் வட்டமாக, வெள்ளையாக எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது என்ன?"

"அவன் மூக்கு," என்றார் அம்மா.

மோனா சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். "நாளைக்கு எட்டு மணிக்கு ஆரம்பிச்சுடுங்க ரூதா."

மறுநாள் அம்மா தன் அறைக்குப் போனார். முதல் ஒரு மணி நேரம் செமி கண்ணாடியை விட்டு நகரவில்லை. அடுத்த மணி நேரத்தில் நாலு தடவை எட்டிப் பார்த்தான். பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு நாய் வேலிக்குள் புகுந்து வந்தது. அதோடு ஓடிப்போனவன் கண்ணாடியையே மறந்துவிட்டான்.

லாங்கி சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அப்பா காலை வேலை முடிந்து வந்த சத்தம் கேட்டது. ஆனால் சாவியை மாட்டிவிட்டுச் சமையலறைக்கு வரவில்லை. என்னவென்று எட்டிப் பார்த்தாள்.

அவ்வளவு பெரிய அப்பா, பஸ் ஓட்டுநர் சீருடையோடு, செமியின் குட்டிப் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால்கள் இரண்டும் காதுவரை வந்திருந்தன. கண்ணாடியில் நெற்றியை வைத்திருந்தார்.

"என்ன பாக்குறீங்க அப்பா?"

"ஒண்ணுமில்ல," என்றார் அப்பா, திரும்பாமலே. "இன்னும் கொஞ்சம் உயரமா வச்சிருக்கலாம்."