நீலத் தாளில் வந்த புளிப்பு

ஞாயிறு, மதியம் 3.20. பிரான்ஸின் லுவார் ஆற்று மூடுபனி சோலேனின் ஒயின் கடை வாசல் வரை வந்து நின்றது. பலகைகளில் படுத்துக் கிடந்த புட்டிகளும் பகல் தூக்கத்தில் இருந்தன.

“ராத்திரி என்ன சமையல்? மீனா? யாரெல்லாம் வர்றாங்க?” என்றாள் சோலேன்.

“ஒரு புட்டிக்கு இவ்ளோ குறுக்கு விசாரணையா? போலீஸ் நீயா, நானா?” என்று சிரித்தாள் இன்ஸ்பெக்டர் மத்தில்த்.

அப்போதுதான் திருமதி லவோ, திறந்த புட்டியோடு உள்ளே வந்தாள். அவள் மகளைக் கட்டப்போகும் எத்தியேன், அதன் தக்கையும், சோலேன் புட்டி சுற்றித் தரும் நீலத் தாளுமாகப் பின்னால் நின்றான்.

“விருந்தாளிங்க முன்னாடி மானம் போச்சு! எத்தியேன் மதிய விருந்துக்கு வாங்கிட்டு வந்த இது ஒயினா, வினிகரா? திராட்சை அறுவடை விருந்துக்கு உங்கிட்ட சொன்ன ஆர்டரும் வேண்டாம், சூப்பர் மார்க்கெட்டுலயே வாங்கிக்கறோம்.”

அந்த ஆர்டர் போனால் சோலேன் கடையை மூட வேண்டியதுதான்.

“நேத்து இங்கதான் வாங்கினேன்,” என்றான் எத்தியேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று சோலேனுக்கு நினைவே இல்லை.

மத்தில்த் தக்கையை விரலில் உருட்டினாள். அது காய்ந்து உதிர்ந்தது. அடியில் சிவப்புக் கறையே இல்லை.

“சோலேன் உங்ககிட்ட என்ன கேட்டா?”

“ஒண்ணும் கேக்கல. சுத்திக் குடுத்தாங்க, அவ்ளோதான்.”

“பொய். இங்க புட்டியெல்லாம் படுத்தே கிடக்கு, தக்கை ஊறிச் சிவந்திருக்கும். இது சூப்பர் மார்க்கெட் அலமாரியில மாசக்கணக்கா விளக்கடியில நின்ன புட்டி. தக்கை காய்ஞ்சு காத்து புகுந்திருக்கு. அங்க நானும்தான் வாங்கறேன், புதுசா வந்த பெட்டியில பாத்து எடுக்கணும். அதை விடுங்க. இவ கேள்வி கேக்காம ஒரு புட்டி வித்தாளா? இந்த ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க.”

எத்தியேனின் காது சிவந்தது.

“தாள், போன கிறிஸ்துமஸ் பரிசுல வந்தது,” என்றான். “நேத்து வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள வந்தா கேள்வி கேப்பாங்க, எனக்கு ஒயினைப் பத்தி ஒண்ணும் தெரியாது. எல்லார் முன்னாலயும் முழிக்கணும். அதான் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிட்டேன், அங்க யாரும் எதுவும் கேக்கறதில்ல.”

“மன்னிச்சுடு சோலேன், ஆர்டர் உனக்குத்தான்,” என்றாள் திருமதி லவோ.

சோலேனுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் அவன் சொன்னது சுருக்கென்று தைத்தது. வாசல் வரை வந்து திரும்பியவர்கள் இன்னும் எத்தனை பேரோ!

ஒரு புட்டியை எடுத்து நீலத் தாளில் சுற்றி அவனிடம் நீட்டினாள். என்ன சமையல் என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“அடுத்த தடவை உள்ள வாங்க,” என்றாள். “தெரியாதுன்னு சொன்னா போதும்.”