சூடு ஏறிடுச்சா?

ஓடாத எஞ்ஜின் எப்படிச் சூடாக இருக்கும்?

அக்காவின் காரிலிருந்து பேட்டரியை முந்தின நாள் மாலையே கழற்றி என் பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தேன். டேங்க்கில் இருந்த பெட்ரோலை நானே வடித்திருந்தேன். சாவி அக்காவின் தலையணைக்கு அடியில் இருந்தது. வெளியே புல்லெல்லாம் பனியில் விறைத்துக் கிடந்தது. ஷெட் கதவைத் திறந்து, பானட்டைத் தூக்கி, எஞ்ஜின் மேல் கை வைத்தேன். துணி தேய்த்து முடித்து ஓரமாக வைத்த இஸ்திரிப் பெட்டி போலச் சுட்டது.

“சூடா இருக்கா தம்பி?” வாசலில் நின்ற அக்கா கேட்டார். பால் வந்துவிட்டதா என்று கேட்கும் குரல்.

“இருக்குக்கா.”

“ம்.”

அவ்வளவுதான். திரும்பிப் போய்ப் பெண்ணுக்குத் தலை பின்ன ஆரம்பித்துவிட்டார்.

அந்த வண்டியை வருஷக்கணக்காக என்னிடம் கொண்டுவந்தவர் அவர் கணவர். பட்டறையில் அவருக்கு ‘சூடு சார்’ என்று பெயர். எஞ்ஜின் சூடேறாமல் வண்டியை ஓர் அடி நகர்த்த விடமாட்டார். பக்கத்தில் நின்று, “சூடு ஏறிடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். “ஏறிடுச்சு சார்” என்று சொன்னால்தான் கிளம்புவார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அது கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்ஜின். குளிர்ந்த இரும்பில் பெட்ரோல் ஆவியாகாது. துளித்துளியாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆவியானால்தான் பற்றும். அதனால் குளிரில் எஞ்ஜினுக்குப் பெட்ரோலை அதிகமாகவும் காற்றைக் குறைவாகவும் கொடுக்க வேண்டும். டேஷ்போர்டில் ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். சோக். அதை இழுத்தால் பின்னால் ஒரு கம்பி போய்க் கார்புரேட்டர் வாயில் இருக்கும் தகட்டை மூடும். காற்று குறையும், எஞ்ஜின் பிடித்துக்கொள்ளும். சூடேற ஏறக் குமிழை உள்ளே தள்ள வேண்டும். சூடு சார் முதலில் முழுக்க இழுப்பார். பிறகு பாதி தள்ளி, காது கொடுத்துக் கேட்பார். பாதியிலேயே விட்டுவிட்டு இறங்குவார். மீதியை அக்கா தள்ளிக்கொள்வார்.

அவருக்கு அச்சகத்தில் இரவு வேலை. அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலை வேலை. பஸ் ஓடத் தொடங்கும் முன்பே போயாக வேண்டும். அவர் வந்து வண்டியைச் சூடேற்றி வைப்பார், அக்கா ஏறிப் போவார். “எங்க குடும்பமே அந்தக் கொஞ்ச நேரந்தான் தம்பி” என்று அக்கா ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறது. அப்போதெல்லாம் சிரிப்பார்.

போன குளிர்காலத்தில் ஒரு விடியலில், எஞ்ஜின் சத்தத்தில் பெண் எழுந்துவிடப் போகிறாளே என்று சூடு சார் ஷெட் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டார். அவள் அறைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

சோக் இழுத்த எஞ்ஜினின் புகையில் விஷம் அதிகம். புகை நாறும், கொல்வது நாறாது. அது ரத்தத்துக்குள் புகுந்து, நல்ல காற்று உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். நெஞ்சு ஏறி இறங்கும், மூச்சு மட்டும் பயன்படாது. தூக்கம் வருவதுபோல் இருக்கும். அக்கா கிளம்பத் தயாராகி வந்தபோது வண்டி நன்றாகச் சூடேறியிருந்தது. சூடு சார் சீட்டில் பின்னால் சாய்ந்து, முகம் சிவந்து, தூங்குகிறவரைப் போல இருந்தாராம்.

இந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து பெண் காலையில் தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்கிறாள். பள்ளிக்கூடம் போனால் மதியத்துக்குள் சரியாகிவிடும். கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடி போட்டாயிற்று. தலைவலி போகவில்லை. அன்று காலையில் அவள் போர்வையை முகர்ந்து பார்த்தேன்.

பெட்ரோல் புகை.

“தெருவுல நிறுத்துங்கக்கா” என்றேன்.

“நிறுத்தினேனே.”

“அப்புறம்?”

“காலையில ஷெட்டுக்குள்ள இருந்துச்சு. கதவு சாத்தியிருந்துச்சு.”

“வித்துடலாம்.”

“வாங்கறவங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கும்ல?” பின்னலை இறுக்கிக் கட்டினார். “உடைச்சுப் போடுன்னு மட்டும் சொல்லாத தம்பி. அவர் எங்க போவார்?”

அழுகை இல்லை. நாள் முழுக்கச் சலவைக்கூடத்தின் நீராவியில் நிற்கும் கைக்குக் கொதிநீர் தெரியாமல் போகும் என்பார்கள். அவருக்கு உள்ளேயும் அப்படி ஆகியிருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது. பேட்டரி, பெட்ரோல் முடிந்தது. அடுத்து சோக் கம்பியை அறுத்துவிட்டேன். மறுநாள் காலையும் எஞ்ஜின் சூடு. காற்று வடிகட்டியைத் திறந்து கார்புரேட்டரைப் பார்த்தேன். தகடு மூடியிருந்தது. கம்பி இல்லாமல், யாரோ விரலால் தள்ளி மூடியிருந்தார்கள். தகட்டில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம்.

கிரீஸ் எனக்குத் தெரியும். அது கிரீஸ் இல்லை. முகர்ந்தேன்.

அச்சு மசி.

பட்டறையில் எனக்குக் கூட்டாளி ஒரு வெல்டர். வாய் அதிகம், ஆனால் வேலை சுத்தம். அவரிடம் முழுக் கதையையும் சொல்லவில்லை. எஞ்ஜினை மாற்றலாமா என்று மட்டும் கேட்டேன்.

“இந்த வண்டிக்கா? மொட்டைத் தலைக்குச் சீப்பு வாங்கற கதையால்ல இருக்கு.”

“மொட்டை இல்லப்பா. அடியில போய்ப் பாரு. துரு பிடிக்கல.”

“துரு பிடிக்கலன்னா? எஞ்ஜின் மட்டுமா வரும்? மாமியார், நாத்தனார், சீர்வரிசை, எல்லாம் கூடவே வரும்.”

சரியாகத்தான் சொன்னார். புது எஞ்ஜின் தனியாக வராது. அதைத் தாங்கும் பிடிகளை மாற்ற வேண்டும், கியர்பாக்ஸ் பொருந்த வேண்டும், வயரிங், பெட்ரோல் பம்ப், எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கும் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி. வேகம் கூடினால் பிரேக்கும் போதாது. அதனால் மாற்றலாமா என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கோளாறு எஞ்ஜினில்தானா? பாதிப் பேருக்கு இல்லை. மீதிப் பேரிடமும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இங்கேயும் கோளாறு எஞ்ஜினில் இல்லை. ஆனால் சூடு சாருக்கு அந்த எஞ்ஜினைத் தெரியும். கம்பியை அறுத்தால் தகடு எங்கே என்று தெரியும். தெரியாத எஞ்ஜினைக் கொடுத்தால்? விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து எடுத்த எஞ்ஜின் இருந்தது. கார்புரேட்டரே கிடையாது. எஞ்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று ஒரு சென்சார் பார்க்கும், எத்தனை பெட்ரோல் பீய்ச்சுவது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். சூடேற்ற ஆள் வேண்டாம். விரல் வைக்க இடமும் இல்லை.

“மாத்துங்க” என்றார் அக்கா. எதற்கு என்று கேட்கவில்லை.

மாற்றினோம். வெல்டர் பிடிகளைப் புதிதாகச் செய்து ஒட்டினார். நான் வயரிங்கை முடித்தேன். கடைசியாக டேஷ்போர்டில் அந்தக் கறுப்புக் குமிழ் நின்றது. எதையும் இழுக்காத குமிழை விட்டுவைப்பது வேலைக்கு அழகில்லை. கழற்றி, துளையை ஒரு பிளாஸ்டிக் மூடியால் அடைத்தேன். கை வைத்த இடமே தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மறுநாள் எஞ்ஜின் சில்லென்று இருந்தது. அதற்கு அடுத்த நாளும். பெண்ணுக்குத் தலைவலி இல்லை.

பிறகு ஒரு காலை அக்கா போன் செய்தார்.

“தம்பி, வர முடியுமா?”

டேஷ்போர்டு முழுக்க நகக்கீறல். மூடி துளைக்குள் உடைந்து கிடந்தது. வீட்டுக்குள் போனேன். அலமாரியின் இழுப்பறைகள் எல்லாம் வெளியே இழுபட்டுக் கிடந்தன. பழைய ரேடியோவின் குமிழைப் பிடுங்கித் தரையில் போட்டிருந்தது. கதவுப் பிடிகளில் மசி. பீரோ பிடியில் மசி. பெண்ணின் பென்சில் பெட்டி மூடியில்கூட.

அவர் குமிழைத் தேடியிருக்கிறார்.

சமையலறை ஜன்னல்கள் திறந்திருந்தன. அப்படியும் வாடை போகவில்லை. அடுப்பின் குமிழில் கறுப்பாக ஒரு கட்டைவிரல்.

“கேஸ் திறந்திருந்துச்சு” என்றார் அக்கா. “பாப்பா தண்ணி குடிக்க வந்து சுவிட்சுல கை வெச்சா. போடாதன்னு கத்தினேன்.” கொஞ்சம் யோசித்தார். “கத்திட்டேன் தம்பி. ரொம்ப நாளைக்கு அப்புறம்.”

பட்டறைக்குத் திரும்பிப் போய், திருகாணி டப்பாவைக் கவிழ்த்துக் குமிழைத் தேடி எடுத்தேன்.

அன்று பெண்ணைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்தோம். விடியும் முன் ஷெட்டுக்குப் போய், குமிழைப் பழைய துளையிலேயே பொருத்தினேன். பின்னால் கம்பி எதுவும் கட்டவில்லை. கதவு இரண்டையும் விரியத் திறந்து கல் முட்டுக் கொடுத்துவிட்டு, முன்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்தேன். வலப்பக்கம் ஓட்டுகிறவர் இடம்.

பனி மெதுவாக உள்ளே வந்தது. தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். பிறகு அந்தச் சத்தம் கேட்கவில்லை. தெருவே கேட்கவில்லை.

கதவு சாத்தியிருந்தது.

கல் உருண்டது எனக்குக் கேட்கவேயில்லை.

மசி வாடை. ஈரக் காகித வாடை.

வலப்பக்கச் சீட்டின் ஸ்பிரிங் முனகியது. மெத்தை மெல்ல அமுங்கியது.

குமிழ் வெளியே வந்தது. அவசரமில்லாமல், முழுக்க. நின்றது. பிறகு பாதி உள்ளே போனது. மறுபடி நின்றது.

கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எஞ்ஜின் ஓடவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. அவர் எதைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. என் பற்கள் அடித்துக்கொள்வது மட்டும் எனக்குக் கேட்டது.

“சூடு ஏறிடுச்சா?”

காதுக்குப் பக்கத்தில். மூச்சு படவில்லை.

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைக் கேட்டாலும் விளக்காமல் இருக்க முடியாது. ‘சார், இது வேற எஞ்ஜின், இதுக்குச் சூடேத்தவே வேண்டாம், இந்தக் குமிழ் எதையும் இழுக்காது’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது அந்த அடுப்புக் குமிழ் கண்ணுக்கு முன்னால் நின்றது. இது பொய்க் குமிழ் என்று தெரிந்தால் நிஜமானதைத் தேடி மறுபடி வீட்டுக்குள் போவார்.

விழுங்கிக்கொண்டேன்.

“ஏறிடுச்சு சார்.”

ஸ்பிரிங் நிமிர்ந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ. கதவு திறந்திருந்தது, வெளிச்சம் வந்திருந்தது. அக்கா வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தார். நான் இறங்கி பானட்டைத் தூக்கிக் கை வைத்தேன். பனிக்கட்டி.

அக்கா ஏறி உட்கார்ந்தார். சீட்டைக் கையால் தடவிப் பார்த்தார். குமிழைப் பார்த்தார். அதில் ஈரமாக ஒரு கட்டைவிரல் தடம். துடைக்கவில்லை. அதன் மேலேயே தன் கட்டைவிரலை வைத்து, மீதிப் பாதியை உள்ளே தள்ளினார்.

“அவர்கிட்ட என்ன சொன்ன?”

“ஏறிடுச்சுன்னேன்.”

“ம். இனிமே நானே சொல்லிக்கறேன்” என்றார். வண்டி ஒரே தொடுதலில் கிளம்பியது.

அதன்பிறகு அந்த வீட்டில் ஓர் இழுப்பறைகூடத் திறந்ததில்லை. பெண்ணுக்கும் தலைவலி இல்லை, கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். வண்டி சர்வீசுக்கு வரும்போது வெல்டர், “வேலையில்லாத குமிழை எதுக்குய்யா வெச்சிருக்க?” என்று இன்றும் கேட்பார். அழகுக்கு என்பேன்.

எஞ்ஜின் மாற்றியது சரிதான், ஆனால் அது மட்டும் போதாது. குமிழ் அதன் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். அதன் பின்னால் கம்பி இருக்கக் கூடாது. ராத்திரி முழுக்க உள்ளே தள்ளி வைத்துவிட வேண்டும். காலையில் அது பாதி இழுபட்டிருக்கும். ஏறுவதற்கு முன் யாராவது ஒருவர் “ஏறிடுச்சு” என்று சொல்ல வேண்டும்.