மன்னருக்கு ஒரு கெளிறு

கொழும்புத்துறை வாசிகசாலையின் கண்ணாடித் தொட்டியில் ஒரே மாதத்தில் மூன்று மரணங்கள் நடந்துவிட்டன. செத்தவை மூன்றும் தங்கமீன்கள். கொலையாளி யாரென்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெளியே சொல்ல ஒருவரும் துணியவில்லை. ஏனென்றால் அது வாசிகசாலைத் தலைவர் சண்முகநாதனின் மீன்.

ஒஸ்கார் என்னும் சிக்லிட் வகை மீன் அது. ஓரடி நீளம். தலைவர் அதற்கு 'மன்னர்' என்று பெயர் வைத்திருந்தார். 'மன்னர் சாப்பிட்டதா?' என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். 'சாப்பிட்டாரா?' என்றுதான் கேட்க வேண்டும்.

தொட்டியின் நடுவே, தண்ணீருக்குள், ஒரு கறுப்புக் கல் நிமிர்ந்து நின்றது. 'அன்பளிப்பு: திரு. வே. சண்முகநாதன், தலைவர்' என்று அதில் பொன்னெழுத்தில் வெட்டியிருந்தது. மன்னர் அந்தக் கல்லைச் சுற்றியே காவல் நிற்பார். கிட்டப் போன மீன் எதுவும் மீண்டதில்லை.

பதினொரு வயது டிலக்ஷி நாள்தோறும் வந்து அந்தத் தொட்டியைப் பார்த்தாள். காரணம், அவள் வீட்டில் இருந்த கறுப்பன். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் கெளிறு அவன். கடைக்காரர்கள் அந்த மீனை 'டாங்க் கிளீனர்' என்பார்கள். வாங்கும்போது விரல் நீளம் இருந்தான். இப்போது அவளுடைய மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நீளம். தொட்டிதான் வளரவில்லை. கறுப்பனால் அதற்குள் திரும்பக்கூட முடியவில்லை.

"நாளைக்குக் குளத்திலை விட்டிட்டு வாறன்," என்றார் அப்பா.

"வேண்டாமப்பா. உது எங்கடை ஊர் மீன் இல்லை. குளத்து மீனுகளுக்குக் கரைச்சல்."

"அப்ப எங்கை விடுறது? என்ரை வள்ளத்திலையோ?"

கறுப்பன் நீந்தக்கூடிய பெரிய தொட்டி ஊரில் ஒன்றுதான் இருந்தது. அதில் மன்னர் இருந்தார்.

சனிக்கிழமை மாலை தலைவர் ஒரு பொலித்தீன் பையோடு வாசிகசாலைக்கு வந்தார். பைக்குள் பெருவிரல் அளவில் மூன்று குட்டிக் கெளிறுகள்.

"தனித்திருக்கும் மன்னர் மன்னரே அல்லர்," என்று மேடைத் தமிழில் தொடங்கினார். கேட்பதற்கு டிலக்ஷியும், அவளுடைய வகுப்பு வாகீசனும், பத்திரிகைமேல் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரும் இருந்தார்கள். "ஆகவே அவருக்குப் பரிவாரம் கொண்டுவந்திருக்கிறேன்."

"ஐயா, உதுகளை விடாதேங்கோ," என்றாள் டிலக்ஷி. "மன்னர் விழுங்கப் பாப்பார்."

"விழுங்கட்டும் பிள்ளை. மன்னர் எண்டால் அப்பிடித்தான்."

"விழுங்கேலாது ஐயா. அப்பான்ரை வலையிலை கெளிறு மாட்டினால், பயத்திலை செட்டை முள்ளை ஆணி மாதிரி நிமித்திக்கொண்டு நிக்கும். அவரின்ரை கையை எத்தினை தரம் கிழிச்சிருக்கு. உதுகளும் கெளிறுதான். மன்னரின்ரை தொண்டைக்குள்ளை முள்ளை விரிச்சால் ரெண்டும் சாகும்."

தலைவர் பையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். "அப்ப எதை விடச் சொல்லுறாய்?"

டிலக்ஷி தொட்டியைப் பார்த்தாள். மூன்று தங்கமீன்களும் அவள் நினைவுக்கு வந்தன.

"வாய்க்குள்ளை அடங்காத கெளிறாய் இருக்கவேணும்," என்றாள் கடைசியில். "என்னட்டை ஒண்டு கிடக்கு."

"கிளீனரோ? நல்லது. மன்னரின்ரை கழிவைத் திண்டுகொண்டு கிடக்கட்டும்."

"அழுக்கை மட்டும் திண்டு ஆர் ஐயா அவ்வளவு பெரிசா வளருவினம்? பூசணிக்காய்த் துண்டு நான் கொண்டுவாறன். ஆனால் முதலிலை தொட்டிக்குள்ளை கிடக்கிற கல்லெல்லாம் இடம் மாத்தவேணும்."

"அதேன்?"

"எங்கடை வகுப்பைப் புதுக் கட்டடத்துக்கு மாத்தேக்கை, கடைசி வரிசை வாங்கிலை இருக்கிற சண்டியன் ஒருநாள் முழுக்க வாய் திறக்கேல்லை. எது தன்ரை இடம் எண்டு அவனுக்கே தெரியேல்லை."

"ஆர் உந்தச் சண்டியன்?"

வாகீசன் ஒரு பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான். "அண்டைக்கு எனக்குக் காய்ச்சல்," என்று பத்திரிகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

டிலக்ஷி கறுப்புக் கல்லைக் காட்டினாள். "உதைப் படுக்கவைக்க வேணும். செங்கல்லுக்கு மேலை வைச்சால் கறுப்பன் கீழை ஒளிக்கலாம்."

தூங்கியவர்கூட விழித்துக்கொண்டார்.

"என்ரை பேரையோ?" என்றார் தலைவர்.

"பேரை இல்லை ஐயா, கல்லை. எழுத்து மேலை பாத்தபடி கிடக்கட்டும்."

தலைவர் மன்னரைப் பார்த்தார். பைக்குள் இருந்த குட்டிகளைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டார். தன் பெயரைத் தானே சாய்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அன்பளிப்புச் செய்தவர் என்றும் பாராமல் மன்னர் அவருடைய விரலைக் கடித்தார்.

மறுநாள் மாலை மன்னருக்கு வயிறு நிறையத் தீன் போட்டு, தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, வாளியில் வந்த கறுப்பனைத் தண்ணீருக்குள் விட்டார்கள். மூன்று குட்டிகளும் டிலக்ஷி வீட்டுத் தொட்டிக்குப் போய்விட்டன.

மன்னர் நேரே வந்து இடித்தார். கறுப்பன் செட்டைகளை விரித்து விறைத்து நின்றான். மன்னர் மறுபடியும் இடித்தார். கறுப்பனின் வாலில் ஒரு துண்டு கிழிந்தது.

"வெளியிலை எடுப்பமோ?" என்று மெல்லக் கேட்டான் வாகீசன்.

டிலக்ஷி வாளியைக் கையில் எடுத்தாள். "கொஞ்சம் பொறு," என்றாள்.

கறுப்பன் கல்லின் கீழே நுழைந்தான். துரத்திப் போன மன்னருக்குத் தலை மட்டும்தான் நுழைந்தது. அவர் பின்வாங்கி, ஒவ்வொரு கல்லாகப் போய்ப் பார்த்தார். எதுவும் பழைய இடத்தில் இல்லை. எதைக் காப்பதென்று தெரியாமல் நடுத் தண்ணீரில் நின்றார்.

திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடப் பையோடு டிலக்ஷி ஓடிவந்தாள். தலைவர் அவளுக்கு முன்பே வந்து, தொட்டிக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்தார்.

"உயிரோடைதான் கிடக்கிறான் பிள்ளை," என்றார். மேடைத் தமிழ் எங்கோ போய்விட்டது. "நானும் விடியவே வந்திட்டன்."

அவள் பூசணிக்காய்த் துண்டைத் தண்ணீருக்குள் போட்டாள். கல்லின் கீழிருந்து முதலில் மீசை வந்தது, பிறகு தலை, பிறகு கிழிந்த வால். மன்னர் ஒருமுறை பார்த்தார். மற்ற மூலைக்குப் போனார்.

கறுப்பன் ஆறுதலாகத் தின்றான். தின்று முடித்து, தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீந்தினான். அங்கே, எதிலும் முட்டாமல், முழுதாகத் திரும்பினான்.

அன்று டிலக்ஷி பள்ளிக்கூடத்துக்குப் பிந்தித்தான் போனாள்.