பச்சை வரும்வரை

காலை ஏழு மணிக்கு மீனகத்தின் கதவு திறந்ததும், விடுதியில் தங்கியிருந்தவர்கள் உள்ளே போய் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எதிரே மூன்றாள் உயரக் கண்ணாடிக்குப் பின்னால் திருக்கைகளும் கிளிமீன்களும் நீந்திக்கொண்டிருந்தன. பொற்கொடி பதினோராவது நாளாக அதே இடத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்த்தாள். நாடிப்பட்டை சிவப்பாகவே இருந்தது.

பட்டை பச்சையாகி, ஒரு மணி நேரம் அப்படியே நிலைத்தால் வீட்டுக்குப் போகலாம். ஓய்வுச் சட்டம் அப்படி. தொலைவிலிருந்து இயந்திரங்களை ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வருடம் ஒருமுறை இந்தக் கடலோர விடுதிக்கு வந்தாக வேண்டும். உடம்பு ஓய்ந்துவிட்டது என்று பட்டை சொல்லும்வரை வாசல் திறக்காது. பெரும்பாலானவர்கள் நாலே நாளில் கிளம்பிவிடுவார்கள்.

பொற்கொடி கோவில்பட்டியில் ஓர் அறையில் இருந்தபடி நாற்பது ஆளில்லா லாரிகளைக் கவனிப்பவள். சட்டத்தைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், பதினாறு மணி நேரம் விழித்திருந்த பக்கத்து இருக்கைக்காரர் கண்ணயர்ந்த ஒரு நிமிடத்தில், அவருடைய லாரி கல்யாண வேன் ஒன்றில் மோதியது. அந்தத் திரையை முதலில் பார்த்தவள் அவள்தான். சட்டம் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர்களில் அவளும் ஒருத்தி.

ஆனால் நாளை மாலை நாலு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து அவள் மகள் நன்முகை கப்பல் ஏறுகிறாள். தென்முனைப் பனிச்சுரங்கத்தில் வேலை. ஏழு வருட ஒப்பந்தம், நடுவில் ஊர் திரும்ப வழியில்லை.

மேலாளரிடம் நேற்றும் போய் நின்றாள். "ஒரே ஒரு நாள் விடுங்க சார். வழியனுப்பிட்டு வந்து மறுபடி உட்காந்துக்கிறேன்."

"இங்க வர்ற எல்லாருக்கும் ஒரு அவசரம் இருக்கும்மா. ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும்" என்றார் அவர். அவர் கண்ணும் சிவந்துதான் கிடந்தது.

மதியம் மீன்களுக்கு இரை போட மரியசெல்வம் வந்தாள். பொற்கொடி வயதுதான் இருக்கும். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் வரலியாக்கா?"

"இல்ல. இந்த மீனுங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு நிதானம்?"

"புதுசா கொண்டாந்தப்போ கண்ணாடில முட்டிக்கிட்டேதான் கெடக்கும். ஒரு மாசத்துல நிறுத்திரும். பழகிட்டுன்னு எழுதிக்கிடுவோம்." மரியசெல்வம் கையை முந்தானையில் துடைத்தாள். "பழகிச்சா, அலுத்துச்சான்னு யாரு கண்டா?"

அன்று மாலை ஐந்து மணிக்குப் பட்டை பச்சையானது. பொற்கொடி அசையவில்லை. ஒரு திருக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி போனது. நாற்பத்தெட்டாவது நிமிடத்தில், இன்னும் பன்னிரண்டுதான், இப்போது கிளம்பினாலும் பிள்ளையோடு ஒரு ராத்திரி இருக்கலாம் என்று நினைத்தாள். நெஞ்சு துள்ளியது. பட்டை சிவந்தது.

ஏழு மணிக்கு விடுதிப் பேசியில் நன்முகை வந்தாள். "என்ன நிறம்மா?"

"பச்சையாயிட்டு வருது."

"பொய் சொல்லாத. நான் கூப்பிட்டாலே உனக்கு நாடி ஏறுதாம். இனி கூப்பிடாதன்னு விடுதியில சொல்லிட்டாங்க. எதையும் நெனைக்காம மீனைப் பாரும்மா. வந்துரு."

"சாப்பிட்டியா?" என்று பொற்கொடி கேட்பதற்குள் இணைப்பு அறுந்திருந்தது.

மறுநாள் முழுக்க அவள் கண்ணாடியைப் பார்த்தாள். மூச்சை எண்ணினாள். தேநீரைத் தொடவில்லை. நேரம் ஆக ஆகச் சிவப்பு இன்னும் அடர்ந்தது. மூன்றரைக்குப் பிறகு எண்ணுவதையும் விட்டாள். நாலு மணிக்கு ஏதும் நடக்கவில்லை. மீன்கள் நீந்தின. பின்வரிசையில் யாரோ தும்மினார்கள். அவள் தோள்கள் தாமாகவே தளர்ந்து இறங்கின. அழுகை வருமென்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை.

ஐந்தே காலுக்கு மேலாளர் சிரித்தபடி வந்தார். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல? ஒரு மணி நேரம் ஆடாம அசையாம பச்சை! நல்லா ஓய்வெடுத்துட்டீங்க."

பொற்கொடி மணிக்கட்டை நீட்டினாள். அவர் பட்டையைக் கழற்றிக்கொண்டார்.

வாசலில் ஆளில்லா கார் நின்றிருந்தது. மரியசெல்வம் அவள் பையைத் தூக்கி உள்ளே வைத்தாள். "பிள்ளைய நல்லபடியா ஏத்தி விட்டுட்டு வாங்கக்கா" என்றாள். கப்பல் போய்விட்டது அவளுக்குத் தெரியாது. பொற்கொடி தலையை மட்டும் ஆட்டினாள்.

கதவு மூடியதும் கார் கேட்டது. "எங்கே போக வேண்டும்? வீட்டுக்கா?"

"வீட்டுல யாரு இருக்கா?" என்றாள் பொற்கொடி. "வேலைக்கே போ."