கோபுரத்துக்கு முன்னால் நின்ற மாமா

கட்டார் நாட்டைப் பற்றி உலகில் இரண்டு பேருக்குத்தான் முழுதாகத் தெரியும். ஒருவர் அந்த நாட்டு அமீர். மற்றவர் கரிகாலன். இதைச் சொன்னதும் கரிகாலன்தான். வயது பதினொன்று. வீடு பாரிஸ், லா சப்பல்.

புவியியல் ஆசிரியை ஜெனவியேவ், ஒரு பாலைவன நாட்டின் அரசியல், மக்கள், பொருளாதாரம் பற்றிப் பேசும்படி அவனையும் அதே வகுப்பில் படிக்கும் சுபாங்கியையும் சேர்த்துவிட்டிருந்தார். பேச வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. போன முறை இருவருக்கும் இருபதுக்கு ஏழு. கரிகாலன் எதையும் எழுதி வைக்காமல் பேசியதன் பலன் அது. இந்த முறையும் பத்துக்குக் கீழே போனால் இரண்டு வீட்டுக்கும் கடிதம் போகும். சுபாங்கிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

கரிகாலனுக்கு நன்றாக இறங்கியது. அவனுடைய மாமா கட்டாரில் இருக்கிறார். படமும் அனுப்பியிருக்கிறார். பின்னால் நாற்பது மாடிக் கண்ணாடிக் கோபுரம், முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட மாமா. கோபுரம் மாமாவுடையது என்று கரிகாலன் எப்போதோ முடிவு செய்துவிட்டான்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி, வகுப்பில் காட்ட வேண்டிய அட்டையின் நடுவில் ஒட்டினான். பக்கத்தில் மூன்று வரி எழுதினான். 'அரசியல்: அமீர் சொன்னால் சரி. பொருளாதாரம்: எரிவாயு. மக்கள்: எல்லோரும் பணக்காரர்.' நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது.

மூன்றாவது வரியில் சுபாங்கிக்குச் சந்தேகம். ரூ காய் தெருவிலுள்ள தமிழ்க் கடையில் அரிசி மூட்டை அடுக்கும் தினேஸ், பாரிசுக்கு வருமுன் ஆறு வருடம் கட்டாரில் வேலை செய்தவர். அவரிடம் கேட்கலாம் என்றாள்.

"கொப்பியும் பென்சிலும் கொண்டு கடை கடையாத் திரி, பேப்பர்காரர் மாதிரி," என்றான் கரிகாலன். "தெரியாத ஆக்கள்தான் கேக்கிறது."

அவன் கடை வாசலில் நின்று ரோல்ஸ் சாப்பிட்டான். அவள் அட்டையோடு உள்ளே போனாள்.

"அங்கை பத்துப் பேரை நிப்பாட்டினா, கிட்டத்தட்ட ஒன்பது பேர் வெளியாலை வந்த ஆக்கள், தங்கச்சி," என்றார் தினேஸ். பிறகு மாமாவின் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "மூஞ்சையை விடு. சப்பாத்தைப் பார்."

மாமாவின் காலில் இருந்த சப்பாத்தில் சீமெந்து காய்ந்திருந்தது.

"கட்டி முடிய எல்லாரும் இப்பிடி நிண்டு படம் எடுப்பம். வீட்டை அனுப்பத்தான்."

சுபாங்கி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வெளியே வந்தாள். விடுமுறைக்குக் கோபுரத்தில் எந்த மாடியில் தங்கலாம் என்று கரிகாலன் யோசித்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சப்பாத்தைப் பற்றிச் சொல்ல மனம் வரவில்லை. மூன்றாவது வரியை மட்டும் மாற்றலாமா என்று கேட்டாள். அட்டையில் கை வைக்கக் கூடாது என்றான்.

வெள்ளிக்கிழமை அவன் பேசினான். அமீர் சரியாக வந்தார். எரிவாயுவும் வந்தது. மக்கள் எல்லோரும் பணக்காரர் என்றபோது முன்வரிசைப் பையன் ஒருவன் கை தூக்கினான். அப்படியானால் உன் மாமாவின் சப்பாத்து ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. கரிகாலன் முதல் தடவையாகச் சப்பாத்தைப் பார்த்தான். பிறகு அட்டையை விட்டு ஓரடி தள்ளி நின்றான். பேச வேண்டிய நேரத்தில் இன்னும் பாதி மீதி இருந்தது.

சுபாங்கி கொப்பியைத் திறந்தாள்.

"அது சீமெந்து," என்றாள். "மூன்றாவது வரி பிழை. அங்கே பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் வேலைக்காக வந்தவர்கள். இப்படியான கோபுரங்களின் படம் யாரிடமும் இருக்கும். கட்டியவரின் படம் எங்களிடம்தான் இருக்கிறது. இவர் கரிகாலனின் மாமா."

சிரிப்பு நின்றது. முன்வரிசைப் பையன் படத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டான். ஜெனவியேவ் பதினைந்து போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கரிகாலனின் அம்மா வழக்கம்போல மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தார். மற்ற வாரங்களில் கரிகாலன் 'ஹலோ' சொல்லிவிட்டு ஓடிவிடுவான். அன்று தொலைபேசியை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

"மாமா, விடிய எத்தினை மணிக்கு எழும்புறனீங்கள்?"

"மூண்டரைக்கு. ஏனடா?"

கரிகாலன் கொப்பியில் எழுதிக்கொண்டான். அது பதினோராவது கேள்வி.