நாலாம் ஆளுக்கு ஒரு கல்

பயம் என்ற வியாதி தொட முடியாத மூளை இந்தத் தீவிலேயே ஒன்றுதான் உண்டு, அது அக்கராயன் கிராமத்தில் தன் தலைக்குள் இருக்கிறது என்பது கிருசாந்தன் மாஸ்ரரின் முடிவு. அதை அவன் பகிடியாகச் சொல்வதில்லை. பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும்போது, ஒளித்தெறிப்பு முடிந்து ஒளிமுறிவு தொடங்குவதற்கு இடையில், வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். ஒருத்தி அதைச் சோதனைத் தாளிலும் எழுதிவிட்டாள். அதற்கும் அவன் முழுப் புள்ளிகள் கொடுத்தான்.

அப்படிப்பட்ட மூளையோடு, தாய்லாந்துக்கு விடுமுறை போவதற்காக அவன் விடியப்புறம் வாடகை வான் வண்டியில் ஏறியபோது, மனைவியின் கைப்பை இருக்க வேண்டியதைவிடப் பாரமாக இருந்தது.

பையின் சிப்பை இழுத்துத் திறந்தான். சித்தாலேபத் தைல வாசம், திருநீற்று வாசம், மகளுக்கு எடுத்த பிஸ்கட்டின் இனிப்பு வாசம் எல்லாம் ஒன்றாகக் கலந்து மூக்கில் முட்டின. அடியில் ஒரு மஞ்சள் துணிப்பொட்டலம். அவிழ்த்தான்.

“இதென்ன சாரங்கா?”

“கல்.”

“அது தெரியுது. கல்லுக்குத் தாய்லாந்தில என்ன அலுவல்?”

“மூண்டு பேராப் போகக்கூடாது. நீங்கள், நான், பிள்ளை. கல்லோட நாலு.” காஸை மூடினீர்களா என்று கேட்கும் அதே குரலில் சாரங்கா சொன்னாள். “எங்கட குளக்கட்டில எடுத்தனான். திரும்பி வந்து அங்கேயே வைக்கோணும்.”

“மூண்டு பேராப் போனால்?”

“ஒராள் திரும்பி வராதாம். நாலாவது இடம் சும்மா கிடந்தா வேற ஆரும் வந்து இருந்திடுவினம். எங்கட கல்லெண்டா எங்கட சொல்லுக் கேக்கும்.”

கிருசாந்தன் சிரித்தான். அவன் சிரித்தால் முன்வரிசை மாணவர்கள் கூடச் சிரிக்க வேண்டும். இங்கே வான் ஓட்டுகிற செல்வராசா அண்ணை மட்டும்தான் இருந்தார், அவரும் கண்ணாடியில் பல்லை மட்டும் காட்டினார்.

“பாவம், சிப்பை இழுத்து மூடினா அவருக்கு மூச்சு முட்டாதோ? உள்ளுக்க இருட்டு வேற. போய் என்னத்தைப் பாக்கப்போறார்?” என்றான் கிருசாந்தன், கல்லைப் பார்த்து.

“அப்பா, அவருக்குப் பேர் என்ன?” என்றாள் ஏழு வயது மேனுகா.

“கல்லையா,” என்றான் அப்பா. சாரங்கா கல்லைப் பறித்துப் பைக்குள் வைத்து மூடினாள்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் செல்வராசா இறங்கித் தேங்காய் உடைத்தார். சாரங்காவும் மேனுகாவும் கும்பிட்டார்கள். கிருசாந்தன் இறங்கவில்லை, வானுக்குள் இருந்தபடியே தேங்காயின் விலையை மனதுக்குள் விசாரித்தான். பிறகு ஏ-ஒன்பது வீதி நேராக, ஆளில்லாமல், இரண்டு பக்கமும் காட்டை ஒதுக்கி வைத்துக்கொண்டு ஓடியது. கனகராயன்குளம் தாண்டியதும் மேனுகாவுக்கு ஒண்டுக்கு வந்தது.

வான் ஓரம் கட்டியது. எஞ்சின் நின்றதும் காட்டின் சத்தம் காதுக்குள் ஏறியது: சில்வண்டு, எங்கோ ஒரு மயில், பனி சொட்டும் இலைகள், அவற்றுக்கெல்லாம் அடியில் பெரிய மிருகம் ஒன்று மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதைப்போல ஒரு அமைதி. சாரங்கா மகளைக் கூட்டிக்கொண்டு வானுக்கு முன்னால் போனாள். கைப்பை இருக்கையில் கிடந்தது.

விஞ்ஞானத்துக்காக ஒரு மனிதன் சில வேலைகளைச் செய்யத்தான் வேண்டும். அவன் கல்லை எடுத்தான். அதன் பாரத்துக்கு ஈடாகத் தன் வீட்டுச் சாவிக்கொத்தை மஞ்சள் துணியில் சுற்றி உள்ளே வைத்தான். கையை வீசிக் கல்லைக் காட்டுக்குள் எறிந்தான்.

விழுந்த சத்தம் வரவில்லை.

மண்ணில் விழுந்தாலும் ஒரு தொம், இலையில் விழுந்தாலும் ஒரு சரசரப்பு. ஒன்றும் இல்லை. ஆரோ கையை நீட்டி ஏந்திக்கொண்ட மாதிரி.

அந்த அமைதி பிடிக்காமல்தான் அவன் வாயைத் திறந்தான். தனியார் பஸ் நடத்துநரைப்போல வான் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, இருட்டைப் பார்த்துக் கூவினான்: “ஒராள் இறங்கிட்டார், ஒரு சீற் காலி! வவுனியா, கட்டுநாயக்கா, தாய்லாந்து! வாறவை ஏறலாம், ஏறுங்கோ ஏறுங்கோ!”

செல்வராசா சிரிக்கவில்லை. “மாஸ்ரர், இந்த இடத்தில அப்பிடிக் கூப்பிடாதேங்கோ,” என்றார் மெல்ல.

சாரங்காவும் மேனுகாவும் வந்து பின்னால் ஏறினார்கள். இழுவைக் கதவு மூடியது. கிருசாந்தன் முன்சீற்றில் இருந்தான். வான் இடப்பக்கம் ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது. பிறகு கதவு இன்னொரு முறை மூடியது.

வவுனியாவில் விடிந்தது. செல்வராசா கடையில் தன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, இவர்களுக்கு நாலு கப் கொண்டுவந்தார்.

“நாலாவது ஆருக்கு அண்ணை?”

“பின்னால இருக்கிற ஐயாவுக்கு...” என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே பார்த்தார். சாரங்கா. தூங்கும் மேனுகா. கடைசி வரிசை வெறுமை. கப்பில் இருந்ததைத் தெருவில் ஊற்றினார். பிறகு கட்டுநாயக்கா வரைக்கும் பின்கண்ணாடியைக் காடு பார்க்கும்படி திருப்பியே வைத்திருந்தார். கிருசாந்தன் அதை நித்திரைக் குறைபாடு என்று வகைப்படுத்தினான்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில், பைகளைச் சோதிக்கிற கதிர்ப்பெட்டிக்குள் கைப்பை போய் வந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. “கல்லைப் பற்றிக் கேப்பாங்களெண்டு பயந்தன். பிள்ளையார் காப்பாத்திப்போட்டார்,” என்றாள் சாரங்கா. அவன் தொண்டையைச் செருமினான். சொல்லியிருக்கலாம். கல்லை எறிந்துவிட்டேன், இரண்டே சொல். ஆனால் அதைச் சொன்னால் ஏன் இப்போது சொல்கிறாய் என்று அவள் கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல, தன் பிடரியில் காலையிலிருந்து ஒரு ஈரக்காற்று பட்டுக்கொண்டிருப்பதைச் சொல்ல வேண்டிவரும்.

விமானத்தில் அவர்களுக்கு நடுவரிசை. நாலு இருக்கை ஒன்றாக. ஓரத்தில் அவன், பக்கத்தில் சாரங்கா, அடுத்து மேனுகா. மேனுகாவுக்கு அங்கால் நாலாவது காலி. காலி இருக்கையின் பெல்ட் பூட்டியிருந்தது. பூட்டின பெல்ட் தொங்க வேண்டும். இது ஒரு வயிற்றைச் சுற்றினதுபோல வளைந்து, இறுகி, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அதிர்வு, என்றான் தனக்குள். எஞ்சின் அதிர்வு.

எஞ்சின் இன்னும் தொடங்கவில்லை.

கதவை மூடினார்கள். காதுக்குள் காற்று இறுகியது. விமானம் ஏறியதும் குளிர்காற்றோடு ஒரு வாசம் வந்தது: கோடையில் குளம் வற்றும்போது நடுக்குளத்துச் சேறு வெடிக்குமே, உக்கிய தாமரைக் கிழங்கும் செத்த மீனும் நெடுங்காலம் அடியில் கிடந்த துணியும் சேர்ந்த வாசம், அந்த வாசம். முப்பத்தையாயிரம் அடி உயரத்தில், கடலுக்கு மேலே, அக்கராயன் குளத்தின் அடி வாசம். வானாக இருந்தால் “அண்ணை, ஒருக்கா நிப்பாட்டுங்கோ” என்று சொல்லலாம். இதில் ஆரிடம் சொல்வது?

சாப்பாட்டு வண்டி வந்தது. பணிப்பெண் நாலு தட்டு வைத்தாள்.

“மூன்று பேர்தான்,” என்று கிருசாந்தன் ஆங்கிலத்தில் சொன்னான். அவள் நாலாவது இருக்கையைப் பார்த்துப் புன்னகைத்து, தலையாட்டி, ஒரு கப் தண்ணீரையும் வைத்துவிட்டுப் போனாள்.

மேனுகா சோற்றை அளைந்தபடி மறுபக்கம் திரும்பி மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆரோட பிள்ளை கதைக்கிறீர்?”

“இவரோட. சாப்பாடு வேண்டாமாம். தண்ணிதான் வேணுமாம்.”

“எவர்?”

“நீங்கள்தானே ஏறச்சொல்லிக் கூப்பிட்டனீங்கள்.”

தண்ணீர்க் கப் வெறுமையாக இருந்தது. அடியில் ஒரு விரல் அளவு வண்டல். மேனுகாவின் வலக்கை கைப்பிடியில் இருந்தது, விரல்கள் எதையோ பற்றியபடி. மணிக்கட்டில் சேற்று ஈரம்.

“சாரங்கா, பிள்ளையை இந்தப் பக்கம் மாத்தும்.”

“ஏனப்பா?”

“அங்கால ஏசி கூட.”

“அவள் நல்லாத்தானே இருக்கிறாள்.” சாரங்கா கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். “எங்களுக்கு ஒண்டும் வராது. நாங்கள் நாலு பேர்.”

ஒராள் திரும்பி வராது. எந்த ஒராள்? அவன் மகளின் கையைப் பார்த்தான். எழுந்தான். அவளைத் தூக்கித் தன் மடியில் வைக்கத்தான் எழுந்தான். முழங்கால் இரண்டும் அவனை வேறு பக்கம் கொண்டுபோயின. கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டான். முகத்தில் தண்ணீர் அடித்தான். கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஒளித்தெறிப்பு படிப்பிக்கிறவன், கண்ணாடியைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது விளக்குகளை மங்கவைத்திருந்தார்கள். அவனுடைய ஓர இருக்கையில் ஆரோ இருந்தார்கள்.

சாரங்காவின் தலை அந்தத் தோளில் சாய்ந்திருந்தது. அந்தத் தோளில் அவனுடைய நீலச் சேட். அவனுடைய நீலச் சேட் அவன் உடம்பிலும் இருந்தது.

“சாரங்கா.”

அவள் அசையவில்லை.

“மேனுகா. குஞ்சு.”

குஞ்சு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். பணிப்பெண் வந்தாள். அவன் நிற்கிற இடத்தை வெறும் இடம்போல உரசிக்கொண்டு போனாள். பெல்ட் போடும் விளக்கு மணி அடித்து எரிந்தது. இருக்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது. நாலாவது. இருந்தான். இருக்கை நனைந்திருந்தது. பெல்ட் தானாகவே வந்து வயிற்றில் இறுகியது. இழுத்தான். திறக்கவில்லை. கத்தினான். எஞ்சின் சத்தத்துக்குள் அது போய்ச் சேர்ந்தது.

குளிர்பானம் வந்தது. மூன்று கப்.

தரை இறங்கினார்கள். பெல்ட் விட்டது. ஓடினான். முன்னால் அவர்கள் மூன்று பேரும் போனார்கள், மேனுகா நடுவில், இரண்டு கையும் இரண்டு பக்கமும். குடிவரவு மேசையில் ஒரு கை கிருசாந்தனின் பாஸ்போட்டை நீட்டியது. அலுவலர் படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். முத்திரை குத்தினார். பின்னால் நின்று இரண்டு கையையும் வீசும் மனிதனைப் பார்க்கவில்லை.

ஹொட்டேலில் பின்னேர வெளிச்சம். முகம் துடைக்க மூன்று துவாய். மூன்று வரவேற்புக் கிளாஸ், மேலே ஒவ்வொரு பூ. வெளுத்த தரையில் மூன்று சோடிக் காலடி. ஒரு சோடியில் சேறு.

லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு பூச்சாடி. சாடிக்குள் அழகுக்காக வெள்ளைக் கற்கள்.

கிருசாந்தன் நின்றான். யோசித்தான். அது மட்டும்தான் இன்னும் அவனிடம் மிஞ்சியிருந்தது. நாலாவது இடம் காலியாக இருந்தபடியால்தான் இது ஏறியது. அந்த இடத்தைக் கல்லால் நிரப்பினால் இது இறங்க வேண்டும். இறங்கத்தானே வேண்டும். சாரங்கா சொன்னதில் ஒரு தர்க்கம் இருந்தது. அவன் அதை எந்த வகுப்பிலும் சொல்லப்போவதில்லை. ஆனால் இருந்தது.

நாலு பக்கமும் பார்த்தான். ஒருவரும் பார்க்கவில்லை. இனி ஆரும் அவனைப் பார்க்கப்போவதும் இல்லை. குனிந்து ஒரு கல்லை எடுத்தான். உருண்டை. குளிர்ச்சி. சேட் நுனியால் துடைத்தான். சுற்றுவதற்கு மஞ்சள் துணி இல்லை. உதட்டை அசைத்து, தான் இறங்கிக் கும்பிடாத பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டான்.

லிப்ட் திறந்தது. மூவரும் ஏறினார்கள். அவனும் பின்னால். சாரங்காவின் தோளில் கைப்பை, சிப் பாதி திறந்து. கதவு மூடியது. ஒவ்வொரு மாடியாக இலக்கம் ஏறியது.

பூனைபோலக் கையை நீட்டினான். கல்லைப் பைக்குள் மெல்லப் போட்டான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

சிப் இழுபடும் சத்தம். மிகக் கிட்ட. தலைக்கு மேல்.

இருட்டு.

சித்தாலேபம். திருநீறு. பிஸ்கட் தூள். முதுகில் குத்துகிற ஏதோ. சாவிக்கொத்து. அவன் வீட்டுச் சாவிக்கொத்து. கையை அசைத்தான். கை இல்லை. உருண்டை. குளிர்ச்சி. வாயைத் திறந்தான்.

வெளியே, துணிக்கு அப்பால்:

“பை என்ன திரும்பப் பாரமாக் கிடக்கு,” சாரங்காவின் குரல்.

“அப்பா, கதவைத் திறவுங்கோ!” மேனுகா.

“வாறன் குஞ்சு,” என்றது கிருசாந்தனின் குரல். சாவி அட்டை கதவில் கிளிக் என்றது. குரல் பையருகே குனிந்தது. சேற்று மூச்சு துணிக்குள்ளால் ஊறி வந்தது.

“பாவம் சாரங்கா, சிப்பை இழுத்து மூடிப்போட்டீர். அவருக்கு மூச்சு முட்டாதோ?”

சாரங்கா சிரித்தாள்.