பாதி ஆட்டக்காரன்

கலியாணசுந்தரம் மலாக்காவில் காஜா பேராங் பகுதிக்குக் குடிவந்த மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கையில் ஒரு தகரப் பெட்டி, கக்கத்தில் சுருட்டிய பாய், கயிறு போட்டுக் கட்டிய சினிமாப் பத்திரிகைகள். கேரம் ஸ்ட்ரைக்கர் மட்டும் சட்டைப்பையில். அதை அவன் பெட்டியில் வைத்ததே இல்லை.

தெங்கேராவில் இருந்த அறையை விட்டு அவனைக் கிளப்பியதே அந்த ஸ்ட்ரைக்கர்தான். சொந்தப் பலகை வாங்க வக்கில்லாமல் சிமெண்டுத் தரையில் காய்களை அடித்துப் பழகுவான். பொழுது விடிந்தால் டக், பொழுது சாய்ந்தால் டக், இது வீடா தச்சுப்பட்டறையா என்று வீட்டுக்காரர் கத்தி, கடைசியில் பாயைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்.

புது வீட்டுக்காரி பொன்னம்மா, மலாக்காச் சிட்டி இனத்துப் பெண். ஐம்பதை நெருங்கும் வயது, சாரோங் கெபாயா, இறுக்கி முடிந்த கொண்டை. பேர் தமிழ், கும்பிடுகிற சாமி தமிழ், பேச்சு மட்டும் மலாய். எல்லாரும் கூப்பிடுவதுபோல் அவனும் அவளை மாக், அதாவது அம்மா, என்றே கூப்பிட்டான். வாடகைக்கு விட்டது பின்பக்க அறை. அதற்குப் போகிற வழியில் முன்கூடம் நடுப்பகலிலும் இருண்டு கிடந்தது. சாம்பிராணியும் பழைய மரமும் கலந்த வாசனை. சுவரில் வெள்ளைத் துணி போர்த்திய சதுரமாக ஏதோ தொங்கியது. துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தவனுக்கு மூச்சு நின்றது. கனமான பழைய கேரம் பலகை. கோடுகள் தேய்ந்திருந்தாலும் முகம் கண்ணாடியாக இருந்தது.

அது செத்துப்போன தன் தம்பி தேவதாஸுடையது, தொடக் கூடாது என்று மாக் சொல்லிவிட்டாள். ஆட ஆளில்லாத பலகை ஒரு பக்கம், ஆடப் பலகையில்லாத ஆள் ஒரு பக்கம், இதெல்லாம் என்ன நியாயம் என்று அவன் பாயை விரித்துப் படுத்தான்.

கலியாணசுந்தரத்துக்கு உலகத்தில் எதுவும் சரியில்லை. பஸ் கம்பெனியில் டிக்கெட் கிழிக்கிற வேலை சரியில்லை. மதராஸிலிருந்து கப்பலில் வரும் பத்திரிகைகள் ஊறுகாய் மாதிரி நாள்பட்டு வந்து சேர்கின்றன. அதில் புதுப்படம் என்று போட்டிருப்பது அங்கே ஓடி ஓய்ந்திருக்கும். பொடியன்கள் சினிமாக் கதாநாயகன் மாதிரி நெற்றியில் முடியைச் சுருட்டி விட்டுக்கொண்டு திரிகிறார்கள், ஒருவனுக்காவது ஒழுங்காக ஒரு காய் அடிக்கத் தெரியாது. ஊரெல்லாம் பேட்மிண்டன் பைத்தியம். ஃபன்ஃபேர் கேளிக்கைத் திடலில் வளையம் எறிகிற ஆட்டமோ சுத்தப் பித்தலாட்டம், வளையத்தைவிடக் கட்டை பெரிது. சீட்டு என்பது அதிர்ஷ்டத்துக்குச் சலாம் போடுகிற விஷயம். கேரம் ஒன்றுதான் ஆட்டம், அதிலும் ஆடத் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்பது அவனுடைய தீர்மானம்.

ஒரே ஒரு குறை. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் அவனால் உட்கார முடியாது. பவுடர் நமத்துவிட்டது என்பான், விளக்கு கண்ணைக் குத்துகிறது என்பான், பக்கத்தில் எவனோ சினிமாப் பாட்டை முணுமுணுக்கிறான் என்பான். சட்டென்று எழுந்து போய்விடுவான். ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை மாடியில் இருந்த கிளப்பில் முதுகுக்குப் பின்னால் அவனுக்குப் பாதி ஆட்டக்காரன் என்று பேர்.

மெர்டேக்கா, நாட்டின் சுதந்திர நாள், வருகிறது, அதையொட்டி கேரம் போட்டி என்று அறிவித்தார்கள். கிளப் காரியதரிசி ராஜரத்தினம் யோசித்து யோசித்துத்தான் அவனைச் சேர்த்துக்கொண்டார். துணிக்கடை சொந்தக்காரர், அளந்து பேசுகிறவர்.

"இதான்டா கடைசி. இந்த வாட்டி பாதியில எழுந்தேன்னு வை, அப்புறம் இங்க எந்தப் பலகையும் உனக்கு இல்ல. வேற பொழப்பப் பாத்துக்க."

கலியாணசுந்தரம் தலையை ஆட்டிவிட்டு வந்தான். வந்த பிறகுதான் யோசித்தான். அப்பா அம்மா இல்லை, பெண் கொடுக்க யாரும் வரவில்லை. பஸ் கம்பெனியில் அவனை 'ஏ டிக்கெட்' என்பார்கள். பெயர் சொல்லி அவனைக் கூப்பிடுகிற ஒரே இடம் அந்தக் கிளப் மாடி. அதுவும் போனால் அவன் யார்?

பழங்கள் பழுக்கிற அந்தப் பருவத்தில் சிட்டிக்காரர்கள் பார்ச்சு கும்பிட்டார்கள். செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைக்கிற நாள். அன்று சாயங்காலம் அவன் வேலை முடிந்து சமையல்கட்டு வழியாக உள்ளே வந்தான். வீட்டில் ஆள் அரவம் இல்லை. முன்கூடத்தின் உள்கதவு சாத்தியிருந்தது. தள்ளினான்.

இலைகள் நிறைய மாம்பழம், ரம்புத்தான், பிளந்த டுரியான். குத்துவிளக்கு. விளக்கின் முன்னால் தரையில் அந்தப் பலகை. பவுடர் தூவி, நடுவில் காய்களை அழகாக அடுக்கி, இரண்டு பக்கமும் பாய் போட்டிருந்தது.

அவன் வீட்டில் படையல் என்றால் சூடம் காட்டியதும் பிள்ளைகள் வடைமேல் விழுவார்கள். கும்பிட்டது போக மிச்சம் மனிதனுக்கு. சிட்டிக்காரர்கள் வழக்கம் அப்படியில்லை. படைத்ததும் கதவைச் சாத்திவிட்டு உயிரோடிருப்பவர்கள் எல்லாரும் வாசலில் போய் நின்றுவிடுவார்கள். செத்தவர்கள் வந்து சாப்பிட்டு எழுந்த பிறகுதான் கதவு திறக்கும். அது அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை, மற்றவர்களைப் பற்றி விசாரிக்கிற வழக்கமே அவனிடம் கிடையாது.

கை அரித்தது. உட்கார்ந்து, பலகையோடு இருந்த ஸ்ட்ரைக்கரை வைத்து ஒரு அடி. காய்கள் பூப்போலச் சிதறின. ஒரு வெள்ளை குழியில் விழுந்தது. இன்னொன்றும். மூன்றாவது தப்பியது.

எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. விளக்குச் சுடர் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. கூடத்தில் காற்று என்று ஒன்று இல்லை.

அவனுக்கு என்னவோ போலிருந்தது. எழுந்து தன் அறைக்குப் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் மாக் அவன் அறை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. பலகையில் ஆடியது நீயா என்று கேட்டாள். இரண்டு காய் போட்டேன், அதற்கென்ன என்றான். வெள்ளை நீ போட்டது, கறுப்பை யார் போட்டது என்றாள்.

அவன் போய்ப் பார்த்தான். எதிர்ப்பக்கக் குழியில் கறுப்புக் காய்கள் கிடந்தன. அவனுடைய பாய்க்கு நேராக, அவனுடைய கோட்டில், ஸ்ட்ரைக்கர் வந்து நின்றிருந்தது.

அவனுடைய முறை.

மறுநாள் கிளப்பில் தன் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தான். ஆள்காட்டி விரல் மடங்கவில்லை. கட்டைபோல நின்றது. எல்லாரும் சிரித்தார்கள். கையை உதறினான், தைலம் போட்டான், நரம்பு வைத்தியரிடம் போனான். அந்த விரலால் டிக்கெட் கிழிக்க முடிந்தது, சோறு பிசைய முடிந்தது, மூக்கைச் சொறிய முடிந்தது. கேரம் பலகைக்கு முன்னால் மட்டும் அது செத்துப்போனது. போட்டியோ நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த உலகத்தில் ஒரே ஒரு விரல்தான் கேட்டேன், அதையுமா பிடுங்க வேண்டும் என்று ஆத்திரத்தில் அவன் சுவரைக் குத்தினான்.

அப்போதுதான் முதல் தடவை கேட்டது.

டொக்.

முன்கூடத்திலிருந்து. அடிக்கிற சத்தம் இல்லை அது. எதிராளி ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டால் ஸ்ட்ரைக்கரால் சட்டத்தைத் தட்டுவார்களே, அந்தச் சத்தம்.

டொக். டொக்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் தலை துவட்டும்போது கேட்டது. கோபப்படுகிற தட்டு இல்லை. பொறுமையான தட்டு. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. கடைசியில் போய் மாக்கின் முன்னால் உட்கார்ந்தான்.

மாக் தேங்காய் திருகுவதை நிறுத்தாமலே சொன்னாள். தேவதாஸும் இப்படித்தான், கேரம் என்றால் சோறு வேண்டாம். ஒரு நாள் அந்தக் கூடத்தில் கூட்டாளி ஒருவனோடு ஆடினான். கூட்டாளி தோற்கிற நிலைமை. இதோ வருகிறேன் என்று எழுந்து போனவன் வரவேயில்லை. தம்பி காத்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, அவன் வந்துவிடுவான் அக்கா என்றான். அவள் மறுபடி போய்ப் பார்த்தபோது விரலை மடக்கி வைத்தபடியே உட்கார்ந்திருந்தான், உடம்பு சில்லிட்டிருந்தது. அதற்குப் பிறகு பார்ச்சுக்குப் பார்ச்சு பலகையை வைப்பாள். எதிரில் யாரும் உட்கார்ந்ததில்லை.

"நீ உக்காந்துட்ட" என்றாள் மலாயில். "உக்காந்தவன் முடிக்கணும்."

காய்களை அவள் கலைக்கவில்லை. கூடத்தைப் பூட்டி வைத்திருந்தாள்.

போட்டி நாள் காலையிலிருந்தே மழை. சாப்பாட்டுக்குப் பிறகு காரில் வந்து அழைத்துப்போவதாக ராஜரத்தினம் சொல்லியிருந்தார். கலியாணசுந்தரம் குளித்துவிட்டு, வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கூடத்துக் கதவைத் திறக்கச் சொன்னான். பயம் இருந்தது. பயத்தைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது. ஒரு ஆட்டம், முடித்துத் தொலைத்துவிட்டுப் போகலாம்.

உட்கார்ந்தான். விரல் மடங்கியது. இத்தனை நாளுக்குப் பிறகு விரல் மடங்கியதில் அவனுக்கு அழுகையே வந்தது.

அடித்தான். ஒரு வெள்ளை விழுந்தது, அடுத்தது தப்பியது. ஸ்ட்ரைக்கரை எடுத்து எதிர்க்கோட்டில் வைத்தான். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். கூரையில் மழை இரைந்தது. கண் எரிந்து ஒரு தடவை இமைத்தான்.

டக்.

கறுப்பு குழியில் கிடந்தது.

அப்படித்தான் நடந்தது. அவன் பார்க்கும்போது எதுவும் அசையாது. இமைத்தால் டக். நடுவில் இருந்த சிவப்புக் காயும் அப்படியே போனது. என்ன அடி அது! தன்னால் கனவில்கூட அடிக்க முடியாத கோணம். வெள்ளை நாலு மிச்சம் இருக்கும்போது கறுப்பு ஒன்றுதான் பாக்கி. உள்ளங்கால் பரபரத்தது. பவுடர் நமத்துவிட்டது என்று நாக்கு நுனி வரை வந்தது. ஒரு முழங்காலை ஊன்றினான்.

"ஜாங்கான் பாங்குன்" என்றது கதவோரம் மாக்கின் குரல், மூச்சுக்கு மேல் எழாமல். எழுந்திருக்காதே.

முழங்காலை மடக்கிக்கொண்டான். தோற்றால் தோற்கிறேன், உட்கார்ந்தே தோற்கிறேன் என்று அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தான். நினைத்ததும் நெஞ்சு லேசானது. கடைசிக் கறுப்பு குழியின் வாயிலேயே நின்றது. ஊதினால் விழும். ஸ்ட்ரைக்கரைச் சந்தோஷமாக எதிர்க்கோட்டில் வைத்தான்.

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

இதோ வந்துவிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இமைத்தான்.

ஸ்ட்ரைக்கர் கறுப்புக் காயைத் தொடவில்லை. எதிர்மூலைக் குழிக்குள் மெதுவாகப் போய் விழுந்தது.

ஸ்ட்ரைக்கரே குழியில் விழுந்தால் தண்டனை. போட்ட காயில் ஒன்றை எடுத்துத் திரும்ப நடுவில் வைக்க வேண்டும். அவன் இமைத்துத் திறந்தபோது ஒரு கறுப்பு நடுவில் இருந்தது. கை தவறியிருக்கும், பாவம், என்று நினைத்தான். தன் முறைக்கு வேண்டுமென்றே கோணலாக அடித்துவிட்டு ஸ்ட்ரைக்கரை எதிரே தள்ளினான்.

மறுபடியும் அதே குழி. மறுபடியும் நடுவில் ஒரு கறுப்பு.

ஹாரன் விடாமல் அடித்தது. சரி, நானே முடிக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வெள்ளையைப் போட்டான். அடுத்த வெள்ளையைக் குறி பார்த்தான். அதற்கும் குழிக்கும் நடுவில், ஒரு நொடிக்கு முன் அங்கே இல்லாத கறுப்பு ஒன்று நின்றது.

அவனுக்குப் புரிந்துவிட்டது, எதிராளிக்கு ஆட்டத்தை முடிக்கிற உத்தேசமே இல்லை. ஆடத் தெரிந்தவனுக்குப் புரியாமல் போகுமா?

ராஜரத்தினத்தின் குரல் மழையைத் தாண்டி வந்தது. "சுந்தரம்! வர்றியா இல்லியா? எனக்குக் கேக்குது, உள்ள ஆடிக்கிட்டுத்தான் இருக்க!"

எழுந்து போனால் விரல் கட்டை. கட்டை விரலோடு போய்க் கிளப் பலகையில் என்ன செய்வது? உட்கார்ந்திருந்தால் கிளப்பே இல்லை. கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சேற்றில் சக்கரம் சுழன்று, எஞ்சின் சத்தம் தெருக்கோடிக் கோயில் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

கலியாணசுந்தரம் குனிந்து பலகையைப் பார்த்தான். ஸ்ட்ரைக்கர் அவன் கோட்டில் தயாராக இருந்தது.

எதிர்ப்பக்கப் பாயில், யாரோ சம்மணத்தை மாற்றிப் போட்டுச் சௌகரியமாக உட்காருகிற சத்தம் கேட்டது.